கொடுத்த காகிதத்தைத் திருப்பிக் கொடு

2001 செப்டம்பர் 23. இரட்டைக் கோபுரம் சரிந்து பன்னிரண்டு நாள். ஜார்ஜ் புஷ் 13224 என்று எண்ணிட்ட ஓர் ஆணையில் கையெழுத்துப் போட்டார். ஒரு அமைப்பு பயங்கரவாதிகளுக்குப் பணம் கொடுக்கிறது என்று அமெரிக்க நிதித்துறை நம்பினால் அதன் பெயர் பட்டியலில் ஏறும், வங்கிக் கணக்கு முடங்கும். கோர்ட்டுக்குப் போய் நிரூபித்துவிட்டுத்தான் முடக்க வேண்டும் என்றில்லை. என்ன ஆதாரம் என்று கேட்டால், முக்கியமானதெல்லாம் ரகசியம். வக்கீல் வைத்துக்கொள்ளத் தடையில்லை. முடங்கிய கணக்கிலிருந்து அவருக்கு ஃபீஸ் கொடுக்க மட்டும், கணக்கை முடக்கிய அதே நிதித்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். இவ்வளவு கச்சிதமாகப் பூட்டிய பெட்டியின் சாவியை ஒருநாள் அவர்களே எதிராளி கையில் கொடுத்தார்கள் என்பதுதான் கதை.

ஓரிகன் மாநிலத்தின் தென்கோடியில் ஆஷ்லண்ட் என்றொரு சிற்றூர். 1935 முதல் ஷேக்ஸ்பியர் நாடக விழா நடத்தும் ஊர். அங்கே மரங்களுக்கு வைத்தியம் பார்த்துப் பிழைத்த ஒருவர், ஈரானிலிருந்து வந்து குடியேறியவர், ஜூலை 4 சுதந்திர தின ஊர்வலத்தில் ஒட்டகத்தைக் கூட்டிக்கொண்டு நடப்பார். சவுதியின் பெரிய தர்ம ஸ்தாபனமான அல் ஹரமைனின் அமெரிக்கக் கிளையை நடத்தியது அவரும் ரியாத் நகரில் இருந்த இன்னொருவரும். சிறைக் கைதிகளுக்குக் குர்ஆன் அனுப்புவது முக்கியப் பணி.

அரசாங்கத்தின் சந்தேகம் ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. அல் ஹரமைனின் போஸ்னியா, சோமாலியா கிளைகளை 2002 மார்ச்சிலேயே அமெரிக்காவும் சவுதியும் சேர்ந்தே பட்டியலில் போட்டிருந்தன. ஆஷ்லண்ட் கிளை வழியாக 2000-ல் சுமார் ஒன்றரை லட்சம் டாலர், பெரும்பகுதி டிராவலர்ஸ் செக்காக, சவுதிக்குப் போனது. செச்சன்யப் போராளிகளுக்கு என்றது அரசு. செச்சன்ய அகதிகளுக்கு என்றார்கள் இவர்கள். கோர்ட் கூண்டில் ஏற்றி யார் சொல்வது நிஜம் என்று கேட்டிருக்கலாம். அது நேரமெடுக்கும் வேலை. 2004 பிப்ரவரியில் ‘விசாரணை நிலுவையில் உள்ளது’ என்று சொல்லிக் கணக்கை முடக்கினார்கள்.

விசாரணை நிலுவையிலேயே இருந்தது. ஆகஸ்டில், எங்களுக்கு எதிராக என்னதான் வைத்திருக்கிறீர்கள் என்று வக்கீல்கள் நச்சரிக்க, நிதித்துறை ஒரு கட்டுக் காகிதம் அனுப்பியது. ரகசியமில்லாத காகிதங்கள் மட்டும் என்று கணக்கு. அதற்குள் ‘பரம ரகசியம்’ என்று முத்திரை குத்திய தாள் ஒன்றும் சேர்ந்து போய்விட்டது. எந்தக் குமாஸ்தாவின் கைங்கரியமோ, அவருக்கு ஒரு சிலை வைக்கலாம்.

வக்கீல்கள் அதன் அருமை தெரியாமல் மற்றதோடு சேர்த்து நகலெடுத்தார்கள். அப்போது வெளிநாட்டிலிருந்த இயக்குநர்கள் இருவருக்கும் போயிற்று, வாஷிங்டன் போஸ்ட் நிருபர் ஒருவருக்கும் போயிற்று. சில வாரம் கழித்து எஃப்.பி.ஐ.க்காரர்கள் வீடு வீடாக வந்து, கொடுத்ததைத் திருப்பிக் கேட்டார்கள். வக்கீல்கள் கொடுத்தார்கள், நிருபரும் கொடுத்தார். வெளிநாட்டு இயக்குநர்களிடம் போன பிரதிகளை மட்டும் யாரும் கேட்கவில்லை. தேசத்தின் பாதுகாப்பே அந்தத் தாளில் இருக்கிறதாம். அது பயங்கரவாதப் பட்டியலில் உள்ள ஆளிடம் இருந்தால் பாதகமில்லை, அமெரிக்க வக்கீலின் மேஜையில் இருந்தால்தான் ஆபத்து!

இதற்கிடையே செப்டம்பரில் அமைப்பின் பெயரும் ரியாத் இயக்குநரின் பெயரும் பட்டியலில் முறையாக ஏறிவிட்டன.

2005 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் ஒரு குண்டு போட்டது: நீதிமன்ற வாரண்ட் இல்லாமலே அரசு தொலைபேசிகளை ஒட்டுக் கேட்கிறது. வக்கீல்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திருப்பிக் கொடுத்த தாளில் என்ன பார்த்தோம் என்று அப்போதுதான் உறைத்தது. 2006 பிப்ரவரியில், ஒட்டுக் கேட்கப்பட்டவர்கள் நாங்கள்தான் என்று போர்ட்லண்ட் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள்.

அரசு சொன்ன பதில் இரண்டே சொல்: ராஜ ரகசியம். ஒட்டுக் கேட்டோம் என்றும் சொல்ல மாட்டோம், கேட்கவில்லை என்றும் சொல்ல மாட்டோம். தாள் இருக்கிறது, ஆனால் அதைப் பேசக்கூடாது. சீட்டாட்டத்தில் கையிலிருந்த சீட்டை எதிராளிக்குக் காட்டிவிட்டு, ‘நீ பார்க்காத மாதிரி ஆடு’ என்று சொல்வதுதான் இது. நீதிபதி கார் கிங் ஒரு நடுவழி கண்டுபிடித்தார்: தாளைக் காட்டக் கூடாது, ஞாபகத்தில் இருப்பதை எழுதித் தரலாம். அப்புறம் அந்த ஞாபகத்தை எழுதுவதற்கே காவல் போட்டார்கள். ரகசிய மனுவை அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து, அரசு கம்ப்யூட்டரில், அரசு ஆளின் கண்காணிப்பில் வக்கீல் அடிக்க வேண்டும். அடித்ததை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். தான் எழுதிய மனுவின் பிரதி அவருக்கே கிடையாது.

2007 ஆகஸ்டில் ஒன்பதாம் சரக மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் விசாரணை. ஒவ்வொரு கால்புள்ளியுமா பரம ரகசியம் என்று நீதிபதி ஒருவர் கேட்டார். அரசு வக்கீல் அசரவில்லை: தாளைப் பகுதி பகுதியாகப் பிரிக்க முடியாது, அது எதைப் பற்றியது என்று வர்ணிக்கக்கூட முடியாது. நவம்பரில் தீர்ப்பு. நீதிபதிகள் தாளைத் தனியே படித்துப் பார்த்துவிட்டு, ரகசியம்தான், ஞாபகமும் செல்லாது என்றார்கள். இப்படியாக அந்தத் தாளை வக்கீல்கள் படித்தாயிற்று, நிருபர் கைக்குப் போய் வந்தாயிற்று, நீதிபதிகளும் பார்த்தாயிற்று. அதற்குப் பிறகும் அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்பதே சட்டத்தின் நிலை.

ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வைத்தார்கள். ஒட்டுக் கேட்பதற்கென்று 1978-ல் போட்ட சட்டம் ராஜ ரகசியத்தை மிஞ்சுமா என்று கீழ்க்கோர்ட் பார்க்கட்டும். அதற்குள் வழக்கு சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு மாறியிருந்தது. அங்கே நீதிபதி வான் வாக்கர் பார்த்தார், மிஞ்சும் என்றார். தாள் இல்லாமல் நிரூபியுங்கள் என்றார். வக்கீல்கள் ஊரறிந்ததை எல்லாம் பொறுக்கினார்கள். எஃப்.பி.ஐ.யின் துணை இயக்குநர் ஜான் பிஸ்டோல் 2007-ல் வங்கியாளர்கள் கூட்டத்தில், அல் ஹரமைன் விசாரணைக்குக் கண்காணிப்பு உதவியதைத் தாமாகவே சொல்லியிருந்தார். அந்தப் பேச்சு எஃப்.பி.ஐ.யின் சொந்த இணையதளத்திலேயே இருந்தது. கோர்ட்டில் வாயைத் திறக்காத அரசு, பாங்க்காரர்களைக் கண்டதும் மனம் விட்டுப் பேசியிருக்கிறது. 2010 மார்ச் 31-ல் வாக்கர் தீர்ப்பளித்தார்: வாரண்ட் இல்லாமல் ஒட்டுக் கேட்டது சட்டவிரோதம். அந்த டிசம்பரில் தொகையும் சொன்னார்: நாளுக்கு 100 டாலர் வீதம் 204 நாளுக்கு, ஒட்டுக் கேட்கப்பட்ட இரண்டு வக்கீல்களுக்கும் தலா 20,400 டாலர் நஷ்டஈடு. வழக்குச் செலவு தனியாக 25 லட்சம் டாலருக்கு மேல்.

ஒரு சென்ட் கைக்கு வரவில்லை. 2012 ஆகஸ்டில் மேல்கோர்ட், இந்தச் சட்டத்தின் கீழ் அரசாங்கத்திடம் நஷ்டஈடு கேட்க வழியே இல்லை என்று எல்லாவற்றையும் ரத்து செய்தது.

பட்டியலை எதிர்த்த தனி வழக்கு இன்னும் ஒரு படி மேலே. 2011-ல் அதே மேல்கோர்ட் சொன்னது: என்ன குற்றச்சாட்டு என்று நிதித்துறை ஒழுங்காகச் சொல்லவில்லை, வாரண்ட் இல்லாமல் சொத்தை முடக்கியது அரசியல் சாசனத்துக்கு விரோதம். சரி, பெயரை எடுத்துவிடுவார்களா? மாட்டார்கள். முறைப்படி செய்திருந்தாலும் இதே முடிவுக்குத்தான் வந்திருப்பார்களாம், அதனால் மீறலால் பாதிப்பு ஒன்றுமில்லையாம்.

மர வைத்தியர் மீது பயங்கரவாத வழக்கே போடவில்லை. வரிக்கணக்கில் பொய் சொன்னதாக வழக்குப் போட்டு, 2010-ல் குற்றவாளி என்று தீர்ப்பும் வாங்கினார்கள். 2013-ல் அதுவும் கவிழ்ந்தது. ஒரு முக்கிய சாட்சியின் கணவருக்கு எஃப்.பி.ஐ. பணம் கொடுத்திருந்தது. அதைச் சொல்லும் காகிதங்களைச் சட்டப்படி எதிர்த்தரப்பு வக்கீலிடம் கொடுத்திருக்க வேண்டும். இந்தக் காகிதங்களைத்தான் அவர்கள் உரிய நேரத்தில் கொடுக்கவில்லை.