எட்டுத் திக்கும் பெட்டி

இந்த வாரம் ஒரே கவரில் ஒன்பது கேள்விகள். அனுப்பியவர் திருவண்ணாமலை வேங்கிக்கால் வாசகர். கலெக்டர் ஆபீஸுக்கு நடந்து போகிற தூரத்தில் புது வீடு, மாடியில் 12-க்கு 12 அடி அறை, கையில் நாலு லட்சம், மனசில் ஹோம் தியேட்டர். எட்டுக் கேள்விகள் பேனாவில். ஒன்பதாவது மட்டும் பென்சிலில், வேறு கையெழுத்தில்.

கேள்வி: மூணு லட்சத்துக்கு ஒரு ஹை-எண்ட் ஏ.வி. ரிசீவர் பார்த்து வைத்திருக்கிறேன். மீதி ஒரு லட்சத்தில் ஸ்பீக்கர். சரிதானே?

பதில்: மாப்பிள்ளையின் பட்டுச் சட்டைக்கு மூணு லட்சம், பந்திக்கு ஒரு லட்சம் என்று கல்யாணம் நடத்துகிறீர்கள். பந்தியில் உட்கார்ந்தவன் சட்டையையா சாப்பிடுவான்? ரிசீவர் என்பவர் பரிமாறுகிறவர், ருசி ஸ்பீக்கரில். கணக்கைத் திருப்பிப் போடுங்கள். ரிசீவருக்கு ஒன்றேகால், ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் சேர்த்து இரண்டேகால், மீதி அரை லட்சம் அறைக்கு. நல்ல ஸ்பீக்கர் இருபது வருஷம் உழைக்கும். ரிசீவர், எச்.டி.எம்.ஐ.யில் அடுத்த புது நம்பர் வந்த அன்றே கிழவனாகிவிடும்.

கேள்வி: 5.1, 7.1, 5.1.4 என்று கடைக்காரர் பஸ் நம்பர் மாதிரி சொல்கிறார். எதில் ஏறுவது?

பதில்: நீங்கள் இருக்கிற ஊரில் இதை விளக்குவது சுலபம். கிரிவலப் பாதையில் இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு. 7.1-லும் எட்டுப் பெட்டிதான்: சுற்றிலும் ஏழு ஸ்பீக்கர், புள்ளிக்குப் பின்னால் வரும் அந்த 1 சப்வூஃபர். மலை இருக்கும் இடத்தில் சோபா, சோபாவில் நீங்கள். (அண்ணாமலையார் மன்னிப்பாராக.) மூன்றாவதாக ஒரு எண் வந்தால் அது உச்சித் தீபம் மாதிரி மேலே ஏற்றுவது: சீலிங் ஸ்பீக்கர். டால்பி அட்மாஸ் கேட்பது இதைத்தான்.

ஆனால் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், உங்கள் அறை 12 அடி. ஏழு வைத்தால் பின்னால் உள்ள இரண்டும் பிடரியில் உட்காரும். 5.1.4 போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். ஐந்தும் நாலும் ஒன்பது. ஒன்பது சேனல் ஆம்ப்ளிஃபயர் உள்ள ரிசீவர் போதும். பதிமூன்று சேனல் பெட்டியை வாங்கினால் நாலு சேனல் ஆயுசுக்கும் விரதம் இருக்கும்.

கேள்வி: டெனானா, மராண்ட்ஸா, யமஹாவா, ஆன்க்யோவா?

பதில்: டெனானும் மராண்ட்ஸும் 2002-லிருந்து ஒரே கூரைக்குக் கீழ் வாழ்கிற அண்ணன் தம்பி. தம்பி முகத்தில் வட்டமாக ஒரு கண்ணாடி ஜன்னல், அதற்குக் கொஞ்சம் கூடுதல் விலை. எதை எடுத்தாலும் உள்ளே இருக்கும் 'ரூம் கரெக்‌ஷன்' என்ன என்று பாருங்கள். பெட்டியோடு ஒரு சின்ன மைக் வரும். அதை நீங்கள் உட்காரும் இடத்தில் காது உயரத்துக்கு நிறுத்தினால், ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் 'உய்ங்' என்று விசில் அடித்துக் கேட்டு, தூரத்தையும் சத்தத்தையும் தானே சரிசெய்யும். டெனான், மராண்ட்ஸில் ஆடிஸி, யமஹாவில் ஒய்.பி.ஏ.ஓ.; ஆன்க்யோவின் மேல்தட்டு மாடல்கள் சிலவற்றில் டைராக் லைவ். என் ஓட்டு டைராக்குக்கு. மைக் வேலை செய்யும்போது ஃபேனை நிறுத்துங்கள், குக்கரையும் இறக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது குக்கர் விசிலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

இன்னொன்று: 12 கிலோ பெட்டி பழுதானால் சென்னை வரை தூக்கிப் போகப்போவது யார்? காசு கொடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது.

கேள்வி: சேனலுக்கு 200 வாட் என்றால் தியேட்டர் எஃபெக்ட் வரும்தானே?

பதில்: வாட் விஷயத்தில் விளம்பரங்கள் பேசுவது தேர்தல் பாஷை. பெரிய எண் போட்டிருக்கும். கீழே பொடி எழுத்தில் '6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன்' என்று இருக்கும். அதாவது ஒரே ஒரு ஸ்வரத்தை, கரகரவென்று, ஒரு நொடி கத்திக் காட்டியது. '8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல்' என்ற வரியைத் தேடுங்கள். அதில் 100 இருந்தால் நேர்மையான 100.

வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட். 88 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தள்ளி 88 டெசிபல் கொடுக்கும். பேச்சுச் சத்தம் 60 சொச்சம். உங்கள் அறையில் பெரும்பாலான நேரம் ஓடப்போவது அந்த ஒரு வாட். மீதி 99, வெடிகுண்டுக் காட்சிக்காகக் காத்திருக்கும்.

கேள்வி: மச்சான் அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வருகிறார். அங்கிருந்து ரிசீவர் வாங்கி வரச் சொல்லட்டுமா?

பதில்: நானும் சொன்னேன். வந்தது. அங்கே 120 வோல்ட், இங்கே 230 என்பதை மச்சானும் மறந்தார், நானும் மறந்தேன். பிளக்கைச் சொருகி சுவிட்சைத் தட்டினேன். 'டப்'. மின்மினி மாதிரி ஒரு வெளிச்சம், பிறகு வார்னிஷ் எரிந்த வாசனை. வாரன்டி கார்டை எடுத்துப் பார்த்தால் அது அமெரிக்காவில் மட்டும் செல்லுமாம். மச்சானைச் சாக்லேட்டோடு வரச் சொல்லுங்கள்.

கேள்வி: ரிசீவரை டிவி ஷோகேஸுக்குள் கண்ணாடிக் கதவு போட்டு வைக்கலாமா?

பதில்: திருவண்ணாமலை மே மாதத்தில் உங்களைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்தால் இருப்பீர்களா? மேலே அரை அடியாவது காற்று வேண்டும். செட்டாப் பாக்ஸை அதன் தலையில் உட்கார வைக்காதீர்கள். பின்பக்கத்தை மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். கதகதப்பான வீடு என்றால் பல்லிக்கு வாடகை ஒரு பொருட்டில்லை.

கேள்வி: அறையில் டைல்ஸ், நாலு பக்கமும் வெறும் சுவர். ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: எல்லாமே. அறை நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். தட்டலுக்குப் பிறகு 'ட்ர்ர்ங்' என்று தகரம் அதிர்கிற மாதிரி வால் ஒன்று நீளும். எந்த ரிசீவரும் அதை முழுசாக அறுக்காது. தரையில் கெட்டிக் கம்பளம், ஜன்னலுக்குக் கனமான திரை, பின்சுவரில் புத்தக அலமாரி. அரை லட்சம் ஒதுக்கச் சொன்னது இதற்குத்தான்.

சதுர அறைக்கு இன்னொரு சாபம் உண்டு. 12 அடிச் சுவர்களுக்கு நடுவே சுமார் 47 ஹெர்ட்ஸ் பேஸ் முட்டி மோதி நின்றுவிடும். நீளமும் அகலமும் ஒன்றே என்பதால் இரண்டு பக்கமும் அதே 47-ல் மோதும். சுவரோரம் 'தொம்' என்று உறுமும். அறை நட்டநடுவில் அதே பேஸ் காணாமல் போகும். சோபாவை நடுவிலும் போடாதீர்கள், சுவரில் ஒட்டியும் போடாதீர்கள். பின்சுவரிலிருந்து நாலு அடி தள்ளுங்கள்.

சப்வூஃபருக்கு இடம் பார்க்க உலகம் முழுக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊர்க்காரர்களுக்கு அது புதிதல்ல. சப்வூஃபரைத் தூக்கி சோபாவில், நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். பேஸ் நிறைந்த பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரோரமாகத் தவழ்ந்து வாருங்கள். அங்கப்பிரதட்சணம்தான், உருள வேண்டாம் என்பது மட்டும் சலுகை. ஓர் இடத்தில் கொழகொழ, ஓர் இடத்தில் வெறுமை, ஓர் இடத்தில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக. அந்த மூன்றாவது இடத்தில் சாக்பீஸால் குறி போட்டு சப்வூஃபரை அங்கே இறக்குங்கள். சத்தம் சோபாவிலிருந்து அந்த இடத்துக்குப் போகிற பாதையும் அங்கிருந்து சோபாவுக்கு வருகிற பாதையும் ஒன்றுதான். கதவைத் தாழ் போட்டுக்கொள்வது மரியாதைக்கு நல்லது.

கேள்வி: எந்தத் தமிழ்ப் படத்தைப் போட்டு டெஸ்ட் செய்வது?

பதில்: 1986-ல் 'மாவீரன்' 70 எம்.எம்.மில் ஆறு டிராக் ஒலியோடு வந்தபோதே நமக்கு இந்தப் பித்து பிடித்துவிட்டது. 1995-ல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர்., மறு வருஷம் 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ்., 2012-ல் 'சிவாஜி' 3டி அட்மாஸ், அடுத்த வருஷம் 'விஸ்வரூபம்' ஆரோ 3டி. நான் போடுவது 'கன்னத்தில் முத்தமிட்டால்'. ஒலிப்பதிவுக்காக எச்.ஸ்ரீதர் தேசிய விருது வாங்கிய படம்.

ஓடிடியில் வரும் அட்மாஸ் அமுக்கிக் கட்டிய மூட்டை. ப்ளூ-ரேயில் இருப்பது முழுச் சரக்கு. டிவியிலிருந்து ஒலியை எடுப்பதானால் 'இ-ஆர்க்' என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துளையில் சொருகுங்கள். கறுப்பு வெள்ளைப் படம் பார்க்கும்போது சரவுண்டை அணைத்துவிடுங்கள். மோனோவில் பதிவான அழுகை ஒன்பது பக்கமிருந்தும் வந்தால் தாங்காது.

கேள்வி (பென்சிலில்): இவரு இப்பவே ரெண்டு ஸ்பீக்கரும் சப்வூஃபரும் வச்சிருக்காரு. பேசுறது ஒண்ணும் புரியல, சண்டை வந்தா ஷோகேஸ்ல கொலு பொம்மையெல்லாம் ஆடுது. இதுக்கு எத்தனை லட்சம்?

பதில்: அம்மா, மேலே உள்ள எட்டையும் விட நல்ல கேள்வி உங்களுடையது. வசனம் பெரும்பாலும் நடுவில் இருக்கும் சென்டர் ஸ்பீக்கர் வழியாகத்தான் வரும். அவர் பட்ஜெட்டில் பெரிய பங்கை அதற்கு எழுதி வாங்குங்கள், ஷோகேஸின் ஆழத்தில் தள்ளாமல் விளிம்போடு வைக்கச் சொல்லுங்கள். ரிசீவர் வந்ததும் மெனுவில் சென்டரின் அளவை 3 டெசிபல் கூட்டி, ராத்திரியில் 'நைட் மோட்' போடுங்கள். முணுமுணுப்பு ஏறும், வெடிச் சத்தம் இறங்கும். ஆடுவது பொம்மையாக இருக்காது, கண்ணாடிக் கதவாக இருக்கும். கதவு மூலைகளில் ஒட்ட ரப்பர் பொட்டு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். இருபது ரூபாய் ஆகலாம்.