கேம் பெட்டி விக்கப் போற பேராண்டிக்கு

ஏலே, நீ கேம் பெட்டி செஞ்சு விக்கப் போறியாமே. பேஷ்! இருக்குற ரெண்டு ஏக்கரையும் ஒழிச்சுக்கட்ட சீட்டாட்டம்தான் குறுக்கு வழின்னு இருந்தேன். நீ அதைவிடச் சுருக்கமா ஒண்ணு கண்டுபிடிச்சுட்ட. போறதுதான் போற, முறையாத் தோத்துட்டு வா. எப்படித் தோக்கணும்னு பெரிய பெரிய மகராசனுவளே செஞ்சு காட்டியிருக்காக.

மொதல்ல சேகா கம்பெனியைக் கும்பிட்டுக்க. சாட்டர்னுக்கு முந்தின பெட்டியில அமெரிக்காவுல போட்டிக் கம்பெனி நிண்டெண்டோவோட மல்லுக்கட்டி நல்லாத்தான் நின்னாக. 1995 மே மாசம், லாஸ் ஏஞ்சல்ஸ்ல மொத ஈ3 கேம் கண்காட்சி. புதுப் பெட்டி சாட்டர்ன், செப்டம்பர் 2 சனிக்கிழமை வரும்னு ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டாச்சு. அன்னைக்கு மேடையேறுன சேகாவோட டாம் காலின்ஸ்கி, பெட்டி இப்பவே கடைக்கு வந்துட்டு, விலை 399 டாலருன்னாரு. அவரைக் குத்தம் சொல்லாத, ஜப்பான் தலைமையிடத்து உத்தரவு. ஆனா சாமர்த்தியத்தைப் பாரு. சரக்கு கொஞ்சம், அதனால நாலு கடைக்காரனுக்கு மட்டும் கொடுத்தாக. விட்டுப்போன கேபி டாய்ஸ்காரன் கோவிச்சுக்கிட்டு, சேகா சரக்கே எனக்கு வேண்டாம்னுட்டான். செப்டம்பரை நம்பி கேம் செஞ்சுக்கிட்டிருந்த வெளிக் கம்பெனிக்காரனெல்லாம் பாதி வேலையோட முழிச்சான். பெட்டி வந்துட்டு, போட்டு விளையாடத்தான் விரல் விட்டு எண்ணுற அளவுக்குச் சாமான்!

அதே கண்காட்சியில பிளேஸ்டேஷன் பெட்டிக்காகப் பேச வந்தாரு சோனியோட ஸ்டீவ் ரேஸ். 299ன்னாரு, இறங்கிப் போயிட்டாரு. அம்புட்டுதான் பேச்சு. கைதட்டு அடங்கலையாம்.

உடனே நீ, அப்ப விலையைக் குறைச்சாப் போதும் தாத்தான்னுவ. குறைச்சுப் பாரேன். அடுத்த வருசம் நிண்டெண்டோ 64 அமெரிக்காவுல 199 டாலருக்கே வந்துச்சு. ஆனா சிடி வேண்டாம், பழைய கார்ட்ரிட்ஜ்தான்னு பிடிவாதம். அது செய்யச் செலவு ஜாஸ்தி, கொள்ளளவு கம்மி. அதுவரை நிண்டெண்டோவையே நம்பியிருந்த ஸ்கொயர் கம்பெனி ஃபைனல் ஃபேன்டசி 7ஐத் தூக்கிக்கிட்டுச் சோனி பக்கம் போயிட்டு. கடைசியில பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல வித்துது, நிண்டெண்டோ பெட்டி 3 கோடிச் சொச்சம்தான்.

இந்த யாவாரம் எப்படின்னா, மாட்டைச் சல்லிசாக் கொடுத்துட்டுத் தீவனத்துல காசு பாக்குற சோலி. பெட்டியில நட்டப்பட்டாலும், விக்கிற ஒவ்வொரு கேமுலயும் பங்கு வரும். அதனால கேம் செய்யுதவனைப் பகைச்சவன் உருப்பட மாட்டான். நீ பகைச்சுக்க, உனக்குத்தான் முன்கோபம் நல்லா வருமே.

சோனி ஜெயிச்சுதா? ஜெயிச்சவன் காதுல அடுத்த பெட்டிக்கு ஒண்ணும் விழாது. 2006 நவம்பர்ல பிளேஸ்டேஷன் 3 வந்துச்சு. செல் சிப்பு, புளூரே எல்லாம் திணிச்சு, பெரிய மாடல் 599 டாலர். அதுலயும் பெட்டிக்குப் பெட்டி நட்டம். பிளேஸ்டேஷனுக்கு அப்பன்னு பேர் வாங்குன கென் குட்டராகியோ, இந்த விலை ரொம்பக் குறைச்சலோன்னாரு. எனக்கு அந்தத் தைரியம் பிடிச்சிருக்கு.

அதே வருசம், அதே நவம்பர்ல, நிண்டெண்டோ வீ 249 டாலரு. படம் ஒண்ணும் அம்புட்டுப் பளிச்சுன்னு இருக்காது. ஆனா அமெரிக்காவுல பெட்டிக்குள்ளயே வீ ஸ்போர்ட்ஸ் இருந்துச்சு. கையை வீசுனாப் பந்து உருளும். முதியோர் இல்லத்துல என் வயசுக்காரனெல்லாம் பவுலிங் ஆடுனான்லே! 10 கோடிக்கு மேல வித்துது. அடுத்து 2012ல வீ யூ. இது புதுப் பெட்டியா, பழைய பெட்டிக்கு ஒட்டுச் சாமானான்னே பல பேருக்கு விளங்கல. 1.35 கோடியோட முடிஞ்சுபோச்சு. காது விசயம் சொன்னேனா இல்லையா?

இவ்வளவு பேருல ஒருத்தருகிட்டதான் எனக்கு மரியாதை, நிண்டெண்டோவோட சட்டோரு இவாட்டா. 2011 மார்ச்சுல அமெரிக்காவுல 249 டாலருக்கு விட்ட கையடக்கப் பெட்டி 3டிஎஸ் ஓடல. ஆகஸ்டுல 169ஆ வெட்டுனாரு. முந்தி வாங்கி ஏமாந்தவனுக்கு 20 பழைய கேம் இனாம். தன் சம்பளத்துலயும் பாதியைக் குறைச்சுக்கிட்டாரு. அப்புறம் மாரியோ கேமு வரிசையா வந்து பெட்டி எழுந்து நின்னுது.

நீயும் அப்படிச் செய்வேன்னு மார்தட்டாதலே. பாதியாக் குறைக்க மொதல்ல உனக்குச் சம்பளம்னு ஒண்ணு இருக்கணும்லா.