இரண்டரை அங்குல சுகம்

கியர் ரசிகரை அடையாளம் காண அவருடைய காரைப் பார்க்க வேண்டியதில்லை. இடது கையைப் பார்த்தால் போதும். சிக்னலில் வண்டி நின்றாலும் அந்தக் கை கியர் குமிழை விட்டு இறங்காது. நியூட்ரலில் கிடக்கும் லிவரை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருக்கும். கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போதும் அதற்கு ஓய்வில்லை. பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியில் இரண்டாவது போட்டு மூன்றாவதுக்குத் தள்ளும். பக்கத்தில் இருப்பவர் இளம்வயதிலேயே நரம்புத் தளர்ச்சியோ என்று பரிதாபப்படுவார்.

வயது முப்பத்தைந்துக்கு மேல், ஐம்பதுக்குள். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கம்ப்யூட்டர் வேலை. வீட்டில் இரண்டு கார். மனைவி ஓட்டுவது கிளட்ச் இல்லாத ஏ.எம்.டி. 2014-ல் செலேரியோவோடு அந்தச் சங்கதி இந்தியாவில் மலிவு விலைக்கு இறங்கியதிலிருந்து, நெரிசலில் இடது காலுக்கு விடுதலை கிடைத்ததென்று ஊரே நிம்மதியாக இருக்கிறது. இவர் மட்டும் அதை நாகரிகத்தின் வீழ்ச்சி என்பார். இவருடையது பழைய ஹோண்டா சிட்டி, இல்லாவிட்டால் மறைமலைநகரில் பிறந்த ஃபோர்டு ஐகான். 1999-ல் வந்த அந்த வண்டியை இன்னும் ஓட்டுபவர் என்றால் இந்தக் கூட்டத்தில் அவர் மடாதிபதி. மறைமலைநகரில் கார் செய்வதைக் கம்பெனிக்காரன் 2022-ல் நிறுத்திவிட்டான். இவர் நிறுத்துவதாக இல்லை.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே குறை. கம்பெனி கொடுத்த கியர் லிவர் ரொம்ப தூரம் போகிறது. மூன்றாவதிலிருந்து நான்காவதுக்கு நாலு அங்குலம் இழுக்க வேண்டியிருந்தால், அதை இரண்டரையில் முடித்தாக வேண்டும். அதற்குத்தான் ஷார்ட் ஷிஃப்டர்.

கியர் லிவர் ஒரு நெம்புகோல். நடுவில் மூட்டு, மேலே கை பிடிக்கும் பாகம், கீழே கியர்பெட்டிக்குத் தகவல் கொண்டுபோகும் பாகம். மேலே இருப்பதைக் குட்டையாக்கினாலும் கீழே இருப்பதை நீட்டினாலும் கை ஓடும் தூரம் குறையும். ஆனால் பெட்டிக்குள் நகர வேண்டிய உருப்படி நகர வேண்டிய தூரம் நகர்ந்தே ஆக வேண்டும். அதில் தள்ளுபடி கிடையாது. ஆகவே தூரத்தில் மிச்சம் பிடித்ததை விசையில் கட்ட வேண்டும். கை ஓடும் தூரம் 30 சதவீதம் குறைந்தால், தள்ளும் பலம் ஏறக்குறைய 43 சதவீதம் கூடும். ஆர்க்கிமிடீஸ் காலத்துக் கணக்குதான். ரசிகரும் இன்ஜினீயரிங் படித்தவர், தெரியாமல் இல்லை. "இறுக்கமா இருக்கே சார்?" என்று யாராவது கேட்டால் அவர் முகம் மலரும். "அதான் சார் ஃபீல்."

ஃபீல் எளிதில் வந்துவிடாது. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் சுங்க வரியும் சேர்ந்து கொள்ளும். அதனால் முதலில் சென்னை ஜி.பி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்குவார். அங்கே சீட் கவர் கிடைக்கும், சாமி படம் வைக்க ஸ்டாண்டு கிடைக்கும், இது கிடைக்காது. பிறகு புதுப்பேட்டை. கழற்றிப் போட்ட கார்களின் எலும்புகளுக்கு நடுவே குந்தி, இன்னொரு வண்டியின் கியர் ராடு ஒன்றைப் பொறுக்கி எடுப்பார். கடைசியில் லேத் பட்டறை. அங்கே இருக்கும் அண்ணன் முப்பது வருஷமாக உடைந்ததை ஒட்டித் தருகிறவர். உடையாததை அறுத்துக் கொடு என்று வந்து நின்ற முதல் ஆள் இவர்தான்.

"எதுக்கு சார் கட் பண்ணணும்? நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்குங்கறதுதான் பிரச்சினை."

அண்ணன் மேலே பேசாமல் அறுத்துக் கொடுப்பார். சட்டம் பேசுகிறவர்களுக்கும் ரசிகரிடம் பதில் உண்டு. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாதென்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதை யாராவது நினைவூட்டினால், "ஆர்.சி. புக்ல கியர் லிவர் உயரம் எங்கே போட்டிருக்கு, காட்டுங்க" என்பார். போட்டிருக்கவில்லைதான்.

இப்போது சத்தத்துக்கு வருவோம். லிவருக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே கார் கம்பெனிக்காரர்கள் ரப்பர் புஷ் வைப்பார்கள். பெட்டிக்குள் பற்கள் எழுப்பும் கூச்சல் உள்ளே இருப்பவர் காதுக்கு வராமல் தடுக்க எத்தனையோ பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்ட வேலை அது. ரசிகர் அந்த ரப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு, பித்தளையோ அலுமினியமோ கடைந்து போடுவார். அடைத்து வைத்திருந்த அத்தனையும் படையெடுத்து வரும். நியூட்ரலில் ஒரு கிர்ர். மூன்றாவதில் ஒரு நீண்ட ஊளை. ஆக்ஸிலேட்டரை விட்டால் லிவரே நடுங்கி எழுப்பும் ஒரு ஜல்ஜல். கியர் விழும்போது மட்டும் ஒரு 'டக்'. அந்த ஒற்றை 'டக்'குக்காக மற்ற எல்லாவற்றையும் அவர் பொறுத்துக்கொள்கிறார் என்று நினைத்தால் தப்பு. மற்றவற்றையும் ரசிக்கிறார். மார்கழி சீசனில் முதல் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, மிருதங்கத்தில் விழுந்த சொல் சாப்பா குமுக்கியா என்று பக்கத்து சீட்டுக்கு அறிவிப்பாரே ஒரு மாமா, அவரேதான் இவரும், வேட்டி மட்டும் இல்லை. "கேட்டீங்களா, இது ரெண்டு-மூணு. இப்ப வருது பாருங்க, மூணு-நாலு."

கேட்பதற்கு வசதியாக பாட்டை நிறுத்துவார். பிறகு ஏ.சி.யையும். சித்திரை வெயிலில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், பின்சீட்டில் குழந்தைகள் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருக்க, "ஏங்க, அடியில ஏதோ உடைஞ்சிருக்குங்க" என்று மனைவி சொல்ல, அவர் கண்ணில் பரவசம்.

இந்தக் கச்சேரிக்கு அவர் தேர்ந்தெடுத்த அரங்கம் மரக்காணம். சென்னையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். மாமல்லபுரம், கல்பாக்கம், கடப்பாக்கமெல்லாம் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம் விரியும். மரம் கிடையாது, மதில் கிடையாது, ஹாரன் கிடையாது. வரப்பு கட்டிய பாத்திகள், கரையில் குவித்த உப்பு அம்பாரங்கள், தலையில் கூடையோடு நடக்கும் பெண்கள். எங்கோ ஒரு மோட்டார் ஓடும், அவ்வளவுதான். கியர் ஒலி கெடாமல் காதுக்கு வர இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இல்லை என்பது அவர் முடிவு.

ஒரு சின்னச் சிக்கல். சாலை இங்கே பலகைபோல் சமதரை. ஏற்றமில்லை, சொல்லும்படி வளைவுமில்லை. ஐந்தாவதில் போட்டுவிட்டால் புதுச்சேரி வரை லிவரைத் தொட வேண்டிய அவசியமே வராது. கியர் மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு 12 வளைவு. கை ஓய நேரமிருக்காது. ஆனால் அங்கே ஹெல்மெட் போட வேண்டும், காது அடைத்துவிடும். ஆக, இந்த நேர்ச்சாலையில் காரணமே இல்லாமல் ஐந்திலிருந்து நான்குக்கு இறங்குவார், நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்குவார், மறுபடி ஏறுவார். நான்கு வழியாக அகலப்படுத்தும் வேலைக்காகப் போட்ட மாற்றுப்பாதைப் பலகையைப் பார்த்து எல்லாரும் முனகும்போது, முகம் பிரகாசமாகும் ஒரே பயணி இவர்தான்.

உப்புக்காற்று வேறு தன் பங்குக்கு வேலை செய்கிறது. ரப்பர் இருந்த இடத்தில் வெறும் உலோக மூட்டு. ஒவ்வொரு மரக்காணப் பயணத்திலும் அதை உப்பு கொஞ்சம் அரிக்கும். அடுத்த வாரம் ஒரு புது 'க்ரீச்' கேட்கும். கிரீஸ் தடவினால் போய்விடும். தடவுவதற்கு முன் இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருப்பார்.

அவரை மட்டும் குறை சொல்வானேன், உப்புப் பாதையும் உதிரிபாகமும் பழைய சொந்தம். உமணர் உப்பு ஏற்றிப் போகும் வண்டியின் அடியில் ஒரு உபரி அச்சைக் கட்டிக்கொண்டு புறப்படுவார்களாம். பொகுட்டெழினி என்ற தலைவனை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிட்டு ஔவையார் பாடியது புறநானூற்றில் 102-ஆம் பாட்டு. சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்றும் சொல்வார்கள். ஒருமுறை அவரோடு அங்கே போனபோது இதை நான் சொன்னதும் ரசிகர் புல்லரித்துப்போனார். "பாத்தீங்களா, அப்பவே ஆஃப்டர்மார்க்கெட்!" உமணர் அச்சு கட்டியது நடுவழியில் வண்டி நிற்காமலிருக்க, இவர் மாட்டிய சாமானால்தான் வண்டி நிற்கப்போகிறது என்பதை நான் சொல்லவில்லை. அவருடைய வண்டியில் திரும்ப வேண்டியிருந்தது.

உப்பளத்தோரம் நிறுத்தி, என்ஜினை அணைக்காமல், கதவைத் திறந்து வைத்து நியூட்ரல் ஓசையை எனக்குக் கேட்கக் கொடுத்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு அம்மா பாத்தி வரப்பில் வேகமாக நடந்து வந்தார்.

"இன்னா சார், வண்டி பூட்ச்சா? ஆளக் கூப்புடவா, தள்றதுக்கு?"

"இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு."

"இன்னா நல்லா கீது, இப்டிக் கத்துது?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். வெயிலில் காயும் உப்புக்கு இருக்கும் அவசரம் ரசனைக்கு இல்லை.

டீக்கடையில் ஒரு உப்பு லாரி நின்றது. பழைய லேலண்டு. கியர் கம்பி ஓட்டுநரின் இடுப்பிலிருந்து மார்பு வரை எழுந்து நின்றது. உச்சியில் கண்ணாடிக் குமிழ், அதற்குள் பிளாஸ்டிக் ரோஜா. ரசிகர் அந்த ரோஜாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பொறாமையா மரியாதையா தெரியவில்லை. பிறகு லாரிக்காரரிடம் பேச்சுக் கொடுத்தார். ஒவ்வொரு கியருக்கும் இரண்டு முறை கிளட்ச் மிதித்து வளர்ந்த மனிதர் அவர். கியர் பேச்சு அவரிடம்தானே எடுபடும்? பத்து நிமிஷத்தில் ரசிகர் தன் சாவியை எடுத்து நீட்டினார்.

பெற்ற பிள்ளையிடம்கூட அந்தச் சாவியை அவர் தந்ததில்லை.

லாரிக்காரர் டீயை மெதுவாகக் குடித்து முடித்தார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினார். உப்பளம் ஓரமாக ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பி வந்தார். எல்லாக் கியரும் போட்டுப் பார்த்திருக்கிறார், எங்களுக்குக் கேட்டது. இறங்கி, கதவைப் பதமாகச் சாத்தினார். ரசிகர் பரீட்சை முடிவுக்கு நிற்கும் பையனாக நின்றார்.

"என்ஜின் சும்மா கின்னுனு கீது சார். கியருதான் கொஞ்சம் இறுக்கம். கம்பி கட்டையா கீதுல்ல, அதான். ஒரு அரை முழம் பைப்பு பத்தவெச்சிக்கினா சுண்டுவெரல்ல வுழும். நம்ம ஊரு வெல்டருகிட்ட சொல்றேன், நூறு ரூவாகூட ஆவாது."