கீபோர்டுக்கும் குரல் உண்டு

கேள்வி: டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்து, மும்பை ஃபோர்ட்டில் காலமெல்லாம் டைப் அடித்தவன் நான். பேரனின் லேப்டாப் ஊமையாக இருக்கிறது. எழுத்து விழுந்ததா என்று திரையை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. சத்தம் வரவைக்க முடியுமா? – மூத்த வாசகர், மாட்டுங்கா

பதில்: தாராளமாக, ஐயா. மெக்வைப்ஸ் என்ற இலவச மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நீங்கள் ஒரு கீயைத் தட்டியதும், பதிவு செய்து வைத்த ஒலியை ஸ்பீக்கரில் எழுப்பும். பக்கிள்ஸ்பிரிங் என்று இன்னொன்று, 1985இல் வந்த ஐபிஎம் மாடல் எம் கீபோர்டின் ஓசையைத் தரும். அமுக்கும்போது ஓர் ஒலி, விரலை எடுக்கும்போது வேறோர் ஒலி; இடப்பக்க எழுத்து இடது காதுப் பக்கம் கேட்கும். செய்தவருக்கு நல்ல காது! ப்ளூடூத் ஹெட்போன் மட்டும் வேண்டாம். ஓசை பிந்தி வரும். ஷண்முகானந்தா அரங்கில் பக்கத்து இருக்கைக்காரர் தாளத்தைத் தப்பாகப் போட்டால் உங்களுக்கு எப்படியிருக்கும்? அப்படித்தான்.

கேள்வி: சத்தம் கேட்டால்தான் வேகம் வரும் என்கிறார் என் மாமனார். வெறும் பழக்கதோஷம்தானே? – வாசகி, செம்பூர்

பதில்: மாமனார் பக்கம்தான் நான். எழுத்து பதிந்தது என்று காது சொல்லிவிட்டால், கண் மூலப்பிரதியை விட்டு நகர வேண்டாம். பொறியாளர்களும் இதை மதித்தார்கள். டெக் (DEC) என்ற கணினி நிறுவனம் 1978இல் கொண்டுவந்த விடி100 முனையத்தின் கீபோர்டுக்குள், 'டிக்' என்று சொல்வதற்காகவே குட்டி ஸ்பீக்கர் இருந்தது. ஐபிஎம்மின் பழைய முனையங்கள் சிலவற்றில் ஒரு மின்காந்தச் சுத்தியல் உள்ளே தட்டிக்கொண்டே இருக்கும்.

நம் ஊருக்கோ அந்தச் சத்தம் சோறு போட்டது. டைப்பும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு ரயிலேறியவர்களால் மாட்டுங்காவில் எத்தனை குடும்பங்கள் நிமிர்ந்தன! 1955இல் கோத்ரெஜ் இந்தியாவிலேயே டைப்ரைட்டர் செய்யத் தொடங்கியதும் இந்த நகரத்தில்தான். 1966இல் சிவசேனை பிறந்தபோது எழுந்த பெரிய புகார்களில் ஒன்று, அலுவலக நாற்காலிகளில் தென்னிந்தியர்கள் நிறைந்திருக்கிறார்கள் என்பது. அந்த நாற்காலிகளுக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு டைப்ரைட்டர் இருந்தது. கோத்ரெஜ் 2009இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. மாமனாரின் விரல்கள் இன்னும் நிறுத்தவில்லை. மெக்வைப்ஸைப் போட்டுக் கொடுங்கள்.

கேள்வி: ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கிறோம். மெக்கானிக்கல் கீபோர்டு வாங்க ஆசை, ஆனால் ராத்திரி தங்கை தூங்க வேண்டும். – கல்லூரி மாணவர், தாராவி

பதில்: தம்பி, மெக்வைப்ஸ் உனக்காகவே பிறந்தது. வயர் உள்ள இயர்போனை மாட்டிக்கொள். முழக்கம் உனக்கு, தூக்கம் தங்கைக்கு. விரலுக்குக் கீழே ஸ்பிரிங் துள்ளும் சுகம் மட்டும் வராது. அதற்கு முதல் சம்பளம் வரட்டும்.

கேள்வி: கேப்ஸ் லாக் தெரியாமல் விழுந்து பாஸ்வேர்டு தப்பாகிறது. – வாசகர், சயான்

பதில்: விண்டோஸிலேயே டாகிள் கீஸ் இருக்கிறது. அமைப்புகளில் இயக்கிவிடுங்கள், கேப்ஸ் லாக்கைத் தொட்டாலே கூவும்.

கேள்வி: ஆபீஸ் கம்ப்யூட்டரில் மெக்வைப்ஸைப் போட்டுக்கொள்ளலாமா? – வங்கி ஊழியர், செம்பூர்

பதில்: ஐடி பிரிவு எழுத்தில் அனுமதி தராமல் கூடாது. ஒலி எழுப்ப வேண்டுமானால், அந்த மென்பொருள் நீங்கள் தட்டும் ஒவ்வொரு கீயையும் கவனிக்க வேண்டும், பாஸ்வேர்டு உட்பட. திருட்டு மென்பொருளும் கவனிப்பது அதையேதான். வீட்டுக்கு என்றாலும், மூலநிரல் வெளிப்படையாக உள்ளதை, செய்தவரின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். இன்னொன்று: 2023இல் பிரிட்டன் ஆய்வாளர்கள், லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்த செல்போனின் மைக்கில் பதிவான தட்டல் ஒலியை வைத்தே எந்தக் கீ என்று கம்ப்யூட்டரை 95 சதவீதம் சரியாகச் சொல்ல வைத்தார்கள். கவுன்டரில் உங்கள் கீபோர்டு மெதுவாகவே பேசட்டும்.