திரையிருள் இயல்: பழங்கணினி ஆய்வுக்கு ஒரு முன்னுரை

பழைய கணினியின் திரை ஏன் இருள்கிறது என்னும் வினா நம் ஆய்வுலகில் உரிய கவனம் பெறவில்லை. அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்கொண்ட மூலம்: பென்டியம் 4 சில்லும் ஏஜிபி கிராபிக்ஸ் கார்டும் விண்டோஸ் எக்ஸ்பியும் உடைய மேசைக் கணினி ஒன்று. அதன் மேலிருக்கும் பூச்சாடி ஆய்வெல்லைக்குள் வாராது.

1. திரைநிலை

கோளாறுற்ற திரை மூவகைப்படும்.

இருள்திரை: ஒன்றும் தெரியாது.

பெருந்திரை: 640க்கு 480 அளவில் ஐகான்கள் இட்லி இட்லியாகத் தெரியும். டிரைவர் இல்லை என்பது பொருள்.

வரித்திரை: வண்ணக்கோடுகள் ஓடும். இது பெரும்பாலும் கார்டின் கோளாறு.

நான்காவதும் உண்டு என்பாரும் உளர். அவர் மானிட்டர் சுவிட்சைப் போடாதவர்.

2. யாப்பு

திரை இருண்டாலும் மதர்போர்டு பாடும். அவார்டு பயாஸ் ஒரு நெடிலும் இரு குறிலுமாக ஒலித்தால் காட்சிக் கோளாறு. இது நேர்நிரை, கூவிளச்சீர். ஏஎம்ஐ பயாஸ் எட்டுக் குறில் ஒலித்தால் கார்டின் நினைவகப் பழுது, இது கருவிளநறுநிழல். பின்னதைக் கேட்டும் வெண்பாவில் நான்கசைச்சீர் வரலாமா என்று வாதிட்டுக்கொண்டிருந்தவர்களின் கார்டு இன்றும் அப்படியே இருக்கிறது.

3. காலம்

இதுவே ஆய்வின் உயிர்நிலை. டெலிட் கீயை அழுத்திப் பயாஸைத் திறந்தால் '1980 ஜனவரி 1' என்றொரு தேதி காணப்படுகிறது.

தொன்மைப் பள்ளியினர், கணினி 1980இல் தோன்றியது என்பர். அதுவே சொல்லும்போது அகச்சான்றுக்கு மேல் சான்று ஏது? பென்டியம் 4 சந்தைக்கு வந்ததே 2000இல், ஏஜிபி வந்தது 1997இல் என்று மறுத்தால், அவை புறச்சான்றுகள், அதிலும் இன்டெல்காரர் கூற்று என்று தள்ளுவர் (காண்க: மெக்கானிக் உரை, தூசிப்படலம்).

சமரசப் பள்ளியினர் கருத்து வேறு. கணினி 1980க்குரியதே, பென்டியம் பிற்கால இடைச்செருகல் (காண்க: மைத்துனர் உரை, தொலைபேசிக் காண்டம், 'அன்றே சொன்னேனே' படலம், அதற்கு அவர் மனைவி எழுதிய மறுப்பு, மறுப்புக்குச் சித்தப்பா வரைந்த விளக்கம், காப்பிக் கறை படிந்த படி, பக்க எண் சிதைவு). முனைவர் பட்ட ஆய்வேடுகள் இப்பள்ளியிலேயே மிகுதி. தன் ஊர்க் கோயிலை இருநூறு ஆண்டு முன்தள்ளிப் பழகிய கைக்கு ஒரு கணினியை இருபது ஆண்டு முன்தள்ளுவது பாரமா என்ன?

உண்மையில் மதர்போர்டில் 20 மி.மீ. விட்டமுள்ள 3 வோல்ட் வட்டப் பேட்டரி ஒன்று இருக்கிறது. அது தீர்ந்தபின் பிளக்கைப் பிடுங்கினால் கடிகாரம் தொடக்கத் தேதிக்கு ஓடிவிடும். செய்துவைத்த செட்டிங்குகளும் போகும். எந்தக் காட்சித்துளைக்கு முதலிடம் என்பதும் அவற்றுள் ஒன்று. அது போனால் சில போர்டுகள் படத்தைத் தம் சொந்தத் துளைக்கே அனுப்பும்; கார்டில் செருகிய மானிட்டர் இருண்டு கிடக்கும்.

4. வைத்தியம்

அழிப்பான் மரபு: கார்டின் பொன்முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்தல். மெல்லத் தேய்த்தால் அழுக்கு போகும். அழுத்தித் தேய்த்தால் பொன்னும் போகும்.

புதுப்பதிப்பு மரபு: ஆகப் புதிய டிரைவரே சிறந்தது என்பது. பழைய கார்டுகளைப் புதிய டிரைவர்கள் கைவிட்டு நெடுங்காலமாயிற்று. பிழை குறையாமலே 'திருத்திய பதிப்பு' என்று அட்டையில் அச்சிடும் வழக்கம் நம்மிடமும் உண்டு.

5. முடிபு

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியை மாற்றுக. பயாஸில் தேதியைத் திருத்தி, முதல் காட்சியாக ஏஜிபியைத் தேர்ந்து சேமிக்க. சேஃப் மோடில் பழைய டிரைவரை நீக்குக. முதலில் சிப்செட் டிரைவர், பிறகே கிராபிக்ஸ் டிரைவர். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி மறைந்தால் வேலை முடிந்தது.

இத்துறையில் பட்டம் பெற விழைவோர்க்கு ஒரு வேண்டுகோள்: ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும்வரை பேட்டரியை மாற்றிவிடாதீர்கள். பிறகு ஆராய ஒன்றும் இராது.