மத்தியதரைக் கடல், புதுச்சேரிக் கிளை

மத்தியதரைக் கடலோரத்தில் உல்லாசமாய் விடுமுறை கழிக்கும் அபிலாஷையும், அதற்கு வேண்டிய திரவியம் இல்லாத குறையும் ஒருங்கே வாய்த்த சென்னைவாசிகள், சனிக்கிழமை காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்கு விஜயம் செய்து, துய்மா வீதியில் ஒரு மஞ்சள் சுவரைத் தேடிப் பிடித்து, அதன்மேல் ஒற்றைக் காலை ஊன்றிச் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு, பிரான்ஸ் தேசத்தையே தரிசித்துவிட்ட திருப்தியோடு இட்டலிக்கடை தேடிப் போகிறார்கள். முழங்கால் உயரத்தில் வரிசையாய்ப் பதிந்த செருப்புத் தடங்கள் அச்சுவருக்கு மிச்சம். தீவு வேண்டுவோருக்குச் சுண்ணாம்பாற்றில் படகு உண்டு. கடற்கரை வேண்டுவோருக்குக் கருங்கற்கள் உண்டு. துறைமுகம் கட்டியபின் விடைபெற்றுப் போன மணல், இப்போதுதான் காந்தி சிலைக்கு வடக்கே கொஞ்சம் திரும்பியிருக்கிறது.

உண்மையில் மத்தியதரைக் கடல் இவ்வூருக்கு வந்தது பிரெஞ்சுக்காரரோடு அல்ல. தெற்கே அரிக்கமேட்டில் 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியெடுத்த ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள், சுமார் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே அக்கடலோர நாடுகளின் மது இங்கே வந்திறங்கியதற்குப் பிரத்தியட்ச சாட்சி. அந்த மேட்டைப் பார்க்கப் போகிறவர்கள் சொற்பம். ஜாடியின் நவீன வாரிசைத் தேடிப் போகிறவர்களோ அனந்தம். அன்பரே, திரும்பும் வழியில் தமிழ்நாட்டு மதுவிலக்குச் சோதனைச் சாவடி ஒன்று இருப்பதை மறந்துவிடாதீர்.