அம்பாசடருக்கு எலும்பு வைக்கலாமா?

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த முறை பக்கம் முழுவதும். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: வண்டியின் முன்பக்கம் தளர்ந்துவிட்டது, எப்படிப் பலப்படுத்துவது?

கே: அண்ணாச்சி, அப்பா வாங்கின அம்பாசடர், இன்னும் ஓடுது. போனட்டுக்குள்ள இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் இணைக்க ‘ஸ்ட்ரட் பார்’னு ஒரு கம்பி விக்காங்க. மாட்டினா வளைவுல வண்டி ஆடாதாம். வாங்கட்டுமா?
— வாசகர், பாளையங்கோட்டை

ப: வேண்டாம். கம்பி நல்ல கம்பிதான், விலாசம் மாறி வந்திருக்கிறது.

மாக்ஃபெர்சன் ஸ்ட்ரட் என்று ஒரு அமைப்பு உண்டு. அதில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்து மட்கார்டின் உள்தகட்டு உச்சியில் போய் முட்டும். வண்டி வளைவில் திரும்பும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் அந்த உச்சிகள் இரண்டும் உள்ளும் வெளியும் அசையப் பார்க்கும். இரண்டையும் ஒரு கம்பியால் கோத்தால் அசைவு குறையும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 அந்த வகை. அம்பாசடரோ மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-இன் வாரிசு. அதன் முன்சக்கரத்தைத் தாங்குவது டார்ஷன் பார் என்ற முறுக்குத் தண்டு. நீளவாக்கில் பின்னோக்கி ஓடி, முன்தளத்துக்கு அடியில் ஒரு குறுக்குச் சட்டத்தில் பிடிபட்டிருக்கும். ஸ்பிரிங்கின் பாரம் போனட்டுக்கு ஏறுவதில்லை, உங்கள் காலடிக்கு வருகிறது. 1948-இல் வந்த மாரிஸ் மைனரில் அதை வடிவமைத்த அலெக் இஸ்ஸிகோனிஸ் இப்படித்தான் செய்தார். மெல்லிய முன்பக்கத்தைத் தொந்தரவு செய்யாமல் பாரத்தை வண்டியின் நடுவுக்குக் கொண்டுபோன அழகான யோசனை அது. கம்பிக்கு வைத்திருக்கும் பணத்தை அந்தக் குறுக்குச் சட்டத்துக்குச் செலவழியுங்கள்.

கே: எங்க வண்டி முன்னால வலப்பக்கம் ரெண்டு விரல்கடை தாழ்ந்து நிக்கி. டார்ஷன் பாரைத் திருகி ஏத்திரலாம்னு மெக்கானிக் சொல்லுதார். சரியா?
— அம்பாசடர் குடும்பம், மேலப்பாளையம்

ப: திருகுவதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு படுக்கச் சொல்லுங்கள். தண்டின் பின்முனை பிடிபட்டிருக்கும் சட்டத்தைச் சுற்றிக் குத்திப் பார்க்கட்டும். ‘டங்’ என்றால் திருகலாம். ‘பொத்’ என்றால், தாழ்ந்தது தண்டல்ல, பிடிமானம். உளுத்துப்போன தகட்டில் முறுக்கைக் கூட்டினால், இரண்டு விரல்கடை ஏறிய வண்டி ஒரு மழைக்காலம் கழித்து நாலு விரல்கடை இறங்கும். இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கே: எங்க தெருப் பட்டறையில 5 மி.மீ. ஆங்கிள் வச்சு முன்பக்கம் பூரா வெல்டு வச்சுத் தாரேன், யானை ஏறினாலும் அசையாதுங்காரு. சம்மதிக்கலாமா?
— ஃபியட் பிரியர், வண்ணார்பேட்டை

ப: யானை ஏறப் போவதில்லை. உங்கள் பிள்ளைகள் ஏறப் போகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் காரின் உடல்தகடு ஏறத்தாழ 1 மி.மீ. கனம். அதில் 5 மி.மீ. ஆங்கிளை ஒட்டினால் ஆங்கிள் இருக்கும் இடம் அசையாது, உண்மைதான். ஆனால் அசைவு எங்கும் போய்விடவில்லை. அதுவரை ஒரு முழ நீளத்துக்குப் பரவியிருந்த நெளிவு முழுவதும் இப்போது ஆங்கிள் முடிகிற ஓரத்தில், வெல்டுக்குப் பக்கத்து ஒரு கோட்டில் வந்து குவிகிறது. சில மாதங்களில் அந்தக் கோட்டில் மயிரிழை விரிசல் விழும். பட்டறைக்காரர் அதன்மேல் இன்னொரு ஆங்கிள் வைப்பார். இப்படியே வண்டி கனத்துக்கொண்டு போகும், விரிசலும் பின்னால் நகர்ந்துகொண்டே போகும்.

சரியான முறையில் இரும்பு குறைவு, யோசனை அதிகம். உளுத்த தகட்டை நல்ல தகடு தெரியும்வரை வெட்டி எடுக்க வேண்டும். வேலை பாதி இங்கேயே முடிந்துவிடும்: பழைய வண்டியின் தளர்ச்சிக்குப் பெரும்பாலும் காரணம் வடிவமைப்பின் குறை அல்ல, துரு தின்ற பகுதிதான். பிறகு பழைய தகட்டின் கனத்துக்கு நெருங்கிய புதுத் தகட்டை, ஓரம் மடித்து, மூடிய பெட்டியாக வைக்க வேண்டும். மூடிய பெட்டி முறுக்கத்தைத் தாங்குவதுபோல் திறந்த ஆங்கிள் ஒருநாளும் தாங்காது. இணைப்புத் தகட்டின் முனையைச் சட்டென்று வெட்டி நிறுத்தாமல், மீன்வால்போல் குறுக்கி முடிக்கச் சொல்லுங்கள். விசை அந்த முனையில் மெல்ல மெல்லக் கைமாறும். காஸ் வெல்டிங் அகலமாகச் சூடேற்றித் தகட்டைக் கோணலாக்கும். இந்த வேலைக்கு சிஓ2 வெல்டிங் நல்லது, அதையும் சின்னச் சின்னத் துண்டாக, இடம் மாற்றி மாற்றி வைக்க வேண்டும்.

வண்டியை எப்படி நிறுத்துகிறார்கள் என்றும் கூட நின்று பாருங்கள். ரெண்டு ஜாக்கியில் கோணலாகத் தூக்கி வைத்து வெல்டு அடித்தால் அந்தக் கோணல் ஆயுசுக்கும் அப்படியே இறுகிவிடும். நாலு பக்கமும் மட்டமாக ஸ்டாண்டில் இருக்கட்டும், கதவுகள் மூடியிருக்கட்டும், மூலைக்கு மூலை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளட்டும். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வைப்பதும் பேட்டரி வயரை எடுப்பதும் கட்டாயம்.

கே: குறுக்குக் கம்பி, மூலைக் கம்பி என்கிறார்களே, எது உசத்தி?
— பாலிடெக்னிக் மாணவர், பேட்டை

ப: கால் லொடலொடக்கும் பழைய கயிற்றுக் கட்டிலைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், சட்டம் இணைகரமாகும். நடுவில் எத்தனை குறுக்குக் கட்டை சேர்த்தாலும் சாயும். மூலைக்கு மூலை ஒரே ஒரு கட்டை அடியுங்கள், நின்றுவிடும். நாற்கரம் இரண்டு முக்கோணமாகிவிட்டது. முக்கோணத்தை நசுக்க வேண்டுமானால் ஒரு பக்கத்தின் நீளமே மாறியாக வேண்டும். கார் முன்பக்கத்திலும் இரண்டு மட்கார்டு உள்தகட்டை மட்டும் இணைக்கும் கம்பியைவிட, அங்கிருந்து டேஷ்போர்டுக்கு முன்னால் இருக்கும் தடுப்புச் சுவரின் நடுவுக்கு ‘வி’ வடிவில் ஓடும் இரண்டு கம்பிகள் அதிகம் உழைக்கும். அந்தச் சுவர் துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

கே: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பத்மினி கார் ரெண்டு நாள் தண்ணீரில் நின்றது. என்ஜினைச் சரிசெய்து ஓட்டுகிறோம். இப்போது பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் ‘கிர்க்’ என்று முனகுகிறது.
— வாசகி, ஸ்ரீவைகுண்டம்

ப: அம்மா, அந்த வெள்ளத்தை யார் மறக்க முடியும்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டி, தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷன்வரை வந்து நின்ற நாட்கள் அவை. என்ஜினை எல்லோரும் கழுவினார்கள், பெட்டிச் சட்டங்களைக் கழுவியவர்கள் குறைவு. பத்மினிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, உடலேதான் சேஸிஸ். முன்பக்கம் நீளவாக்கில் ஓடும் சட்டங்களும் கதவுக்குக் கீழே ஓடுவதும் உள்ளே குழிவான பெட்டிகள். ஆற்று வண்டல் அதற்குள் புகுந்து, வடிகால் துளையை அடைத்து, ஈரத்தைக் காத்துக்கொண்டு கிடக்கிறது. வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு செதிலாக உதிரும்.

முதலில் வடிகால் துளைகளைக் குத்தித் திறந்து, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், கலங்கல் நிற்கும்வரை. நல்ல வெயிலில் சில நாள் காய விடுங்கள். நம் ஊர் வெயில் இந்த ஒரு வேலைக்காவது உதவட்டும். பிறகு நீள மூக்கு வைத்த துப்பாக்கியால் துருத்தடுப்பு மெழுகையோ எண்ணெயையோ உள்ளே அடிக்கச் சொல்லுங்கள். இதெல்லாம் முடிந்தபின்தான் எங்கே தகடு மாற்ற வேண்டும் என்ற கேள்வி. முனகல் சில சமயம் வெறும் ரப்பர் புஷ் தேய்ந்த சத்தமாகவும் இருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள். வண்டலை உள்ளே வைத்து யாராவது மேலே தகடு மூடி வெல்டு அடிக்க வந்தால், சம்மதிக்காதீர்கள்.

கே: மட்கார்டுக்கு முன்னால் பெரிய பம்பர் கார்டு, கம்பி வளையம் எல்லாம் போட்டால் முன்பக்கம் பலமாகாதா?
— திசையன்விளை

ப: ஆகாது. எதிரில் நடந்து வருபவரின் காலுக்கு ஆபத்து. மோதினால் அந்த அடி நேராகச் சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து உங்கள் நெஞ்சுக்கும் போகும். முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற யோசனைக்கு மெர்சிடஸ் பொறியாளர் பேலா பாரெனி 1952-இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். இங்கேயும் 2017 டிசம்பரில் மத்திய அரசு இந்த பம்பர் கார்டுகளைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இருந்தால் கழற்றிவிடுங்கள்.

கே: தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மெக்கானிக்குகள் எல்லோரும் ‘இது உதிரி வண்டி, தூக்கிப் போடுங்க’ என்கிறார்கள். மனசு வரவில்லை.
— கல்லிடைக்குறிச்சி

ப: மனசு வராதது சரி. நம் மெட்ராஸில் 1961 முதல் செய்த கார் அது, வரைந்தவர் இத்தாலிய மேதை மிக்கெலோட்டி. உதிரி வண்டி என்பதும் உண்மை. அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

1950-களில் எல்லோரும் சேஸிஸைக் கைவிட்டு, உடலையே சேஸிஸாகச் செய்யத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃபுக்கு உடல் செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனத்தை 1953-இல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடல் செய்து தர ஆளில்லை. அதனால் தனிச் சேஸிஸ் போட்டு, அதன்மேல் துண்டு துண்டாக உடலைப் போல்ட்டு வைத்து முடுக்கினார்கள். பி.எம்.சி. யார்? மாரிஸை வைத்திருந்தவர்கள். அம்பாசடரின் தாத்தா வீட்டார் கொடுத்த நெருக்கடியில் பிறந்த கார் உங்கள் ஹெரால்டு! பக்கத்துத் தெருவில் ஒரு அம்பாசடர் நின்றால் இரண்டையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதையால் உங்களுக்கு வந்த லாபம் பெரிது. போனட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்னால் கவிழ்ந்து திறக்குமே, அதில் பாரமே இல்லை. முன்பலம் முழுவதும் கீழே இரண்டு சட்டத்திலும், அதில் போல்ட்டு போட்டு நிற்கும் சஸ்பென்ஷன் கோபுரங்களிலும் இருக்கிறது. எல்லாம் கண்ணுக்குத் தெரியும், எல்லாம் கழற்றலாம். பக்கவாட்டில் நீளும் கைச்சட்டங்கள்தான் முதலில் துருப்பிடிக்கும், அவற்றைப் பாருங்கள். உடலுக்கும் சேஸிஸுக்கும் இடையே உள்ள ரப்பர் பட்டைகள் கல்லாகிப்போயிருக்கும், மாற்றுங்கள். கோபுரங்களின் போல்ட்டுகளுக்கு 8.8 என்று தலையில் பொறித்ததை மட்டும் வாங்குங்கள், சாதா போல்ட்டு வேண்டாம். இவ்வளவு செய்தாலே 25 அடி வட்டத்தில் சுழன்று திரும்பும் அந்தக் குறும்பு திரும்ப வந்துவிடும். அந்த முன்சக்கரத் தாங்கிகளையே பின்னாளில் எத்தனையோ பந்தயக் கார் செய்தவர்கள் எடுத்துப் பயன்படுத்தினார்கள். தூக்கிப் போடச் சொன்னவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கே: அம்பாசடரில் மேட்டடார் டீசல் என்ஜின் மாற்றி வைத்திருக்கிறோம். முன்பக்கம் ‘பிரேஸ்’ என்ற பலப்படுத்தும் கம்பி போட்டால் தாங்குமா?
— சேரன்மகாதேவி

ப: கனமும் அதிர்வும் அதிகமான என்ஜின் அது. பிரேஸைவிட முதலில் என்ஜின் மவுண்ட்டிங் ரப்பரையும் அது உட்காரும் பிராக்கெட்டின் வெல்டையும் பாருங்கள், பிறகு டார்ஷன் பார் பிடிமானம், பிறகு பிரேக். நிறுத்த முடியாத வண்டியை விறைப்பாக்கி என்ன பயன்? ஆர்.சி. புத்தகத்தில் இந்த என்ஜின் ஏறியிருக்கிறதா என்பது உங்களுக்கே தெரியும். இல்லையென்றால் அதுதான் முதல் வேலை.

கே: பிரேஸ் போட்டால் ஆர்.டி.ஓ. பிரச்சினை வருமா? ‘விண்டேஜ்’ பதிவுக்கு எழுதிப் போடலாம் என்றிருக்கிறேன்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்

ப: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. உளுத்த தகட்டை அதே வடிவில் மாற்றுவது பழுதுபார்ப்பு. சேஸிஸை வெட்டி நீட்டுவது மாற்றம். விண்டேஜ் பதிவு 2021-இல் வந்தது: முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டியாக இருக்க வேண்டும், சேஸிஸ், உடல்கூடு, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்து வரும். அன்றாட ஓட்டத்துக்கு அந்த வண்டியை எடுக்க முடியாது, யோசித்துச் செய்யுங்கள்.

என் கருத்து: ஏற்கெனவே இருக்கும் போல்ட்டு ஓட்டைகளைப் பயன்படுத்தி, ஸ்பேனரால் கழற்றிவிடக்கூடிய பிரேஸ் மட்டும் போடுங்கள். சேஸிஸ் எண் பொறித்த தகட்டின் பக்கத்தில் கட்டரைக் கொண்டுவரவே விடாதீர்கள். வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள்.

கே: எல்லாம் செய்து முடித்தாச்சு. முன்பக்கம் உண்மையிலேயே பலமாயிருக்கா, இல்லை காசு கொடுத்ததால அப்படித் தோணுதான்னு எப்படிக் கண்டுபிடிக்க?
— அம்பாசடர்காரர், தச்சநல்லூர்

ப: அருமையான கேள்வி, வேலை தொடங்கும் முன்பே கேட்டிருந்தால் இன்னும் அருமை. மட்டமான தரையில் முன்பக்கம் ஒரு மூலையை மட்டும், சக்கரம் தரையைவிட்டு எழும்பும்வரை ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். அந்தப் பக்கத்து முன்கதவைத் திறந்து மூடுங்கள். பூட்டு உரசினாலோ, கதவின் மேல் இடைவெளி கண்ணுக்குத் தெரியும் அளவு மாறினாலோ, உடல் முறுகுகிறது. வேலைக்கு முன் எடுத்த அளவு கையில் இருந்தால் ஒப்பிட்டுக்கொள்ளலாம். இல்லாதவர்கள் மறுபக்கத்தையும் தூக்கி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கலாம்.

அடுத்து ரோட்டில். மேடுபள்ளத்தில் கண்ணாடி ஓர ரப்பரில் முனகல் குறைந்திருக்க வேண்டும், ஸ்டீயரிங் நடுங்குவது குறைந்திருக்க வேண்டும். டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தால் அலைன்மென்ட்டைத் திரும்பப் பாருங்கள், வெல்டிங் செய்த வண்டிக்கு அது மாறியே இருக்கும். இவ்வளவும் சரியென்றால் குடும்பத்தோடு பாபநாசம்வரை போய்வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு போல்ட்டிலும் ஸ்பேனர் வையுங்கள். புதிதாக முடுக்கியது முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தளர்ந்திருக்கும், கால் சுற்று பிடிக்கும்.